வரைய இடமில்லாத அறை

இன்றைக்கு இந்தப் பந்தை அமுக்க மாட்டேன். கையில் வைத்திருப்பேன், அவ்வளவுதான். பழைய ஆட்டோ ஹார்னில் இருக்குமே, அந்த மாதிரி ஒரு ரப்பர் பந்து. அதிலிருந்து ஒரு குழாய் எங்கேயோ போகிறது, அமுக்கினால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெனிட்டாவுக்கு மணி அடிக்கும், அவள் ஸ்கேன் மெஷினை நிறுத்திவிட்டு என்னை வெளியே இழுப்பாள். போன வாரம் அப்படித்தான் இழுத்தாள். தலையை இந்தக் கூண்டுக்குள் பூட்டி மேஜையை உள்ளே தள்ளினாள், மெஷின் இன்னும் வாயைத் திறக்கக்கூட இல்லை, அதற்குள் நான் பந்தைப் பிழிந்துவிட்டேன். வெளியே வந்து பச்சை கவுனோடு உட்கார்ந்து அழுதேன். பன்னிரண்டாம் வகுப்புப் பையன்களை ஒரே முறைப்பில் உட்கார வைக்கிற சாருமதி டீச்சர் மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதாள். என் வீட்டுக்காரர் தனபால், பாவம், "பரவால்ல சாரு, இன்னொரு நாள் பாத்துக்கலாம்" என்றார். இன்னொரு நாள் என்று தள்ளிப்போட முடியாது என்பது அவருக்கும் தெரியும். வலது கையில் விரல்கள் மரத்துப்போய் மாதக்கணக்காகிறது. சாக்பீஸ் விழுகிறது, டம்ளர் விழுகிறது, ரவிக்கைக் கொக்கியைப் போட அவரைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. கழுத்துக்குப் பின்னால் ஏதோ ஓர் எலும்பு நரம்பை நசுக்குகிறதாம். எந்த இடம் என்று படத்தில் பார்க்காமல் கத்தி வைக்க மாட்டேன், தள்ளிப்போட்டால் அப்புறம் கத்தி வைத்தும் பிரயோசனமில்லை, போன கை போனதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நயமாகப் பேசத் தெரியாத மனிதர், எனக்கு அது பிடித்திருந்தது. ஆக, கையா பயமா, இரண்டில் ஒன்று என்று வந்துவிட்டது. எனக்குக் கைதான் வேண்டும். தாலிச் செயினைக் கழற்றி அவரிடம் கொடுத்திருக்கிறேன். அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பையை அடிக்கொரு தரம் தொட்டுப் பார்த்தபடி வெளியே உட்கார்ந்திருப்பார்.

மேஜை நகர்கிறது. கண்ணை முன்னாலேயே மூடிக்கொண்டேன், போன வாரம் திறந்து வைத்திருந்ததுதான் தப்பு. ஆனால் மூடியிருந்தாலும் தெரிகிறது, காற்று மாறுகிறது, என் மூச்சு எங்கேயும் போகாமல் என் முகத்துக்கே திரும்பி வருகிறது, தோள் இரண்டு பக்கமும் இடிக்கிறது. "ஆடாம அசையாம இருங்கம்மா. முடிஞ்ச மட்டும் எச்சி முழுங்காதீங்க, கழுத்து அசைஞ்சா படம் கலங்கிடும்" என்கிறாள் பெனிட்டா, காதில் மாட்டியிருக்கும் கருவி வழியாக. எச்சில் முழுங்காதே என்று ஒருத்தி சொன்ன பிறகு வேறு என்ன நினைப்பு வரும். வாய் நிறைய ஊறுகிறது, ஊறுகாய்க் கடை வாசலில் நிற்கிறவள் மாதிரி. இருக்கட்டும், ஊறட்டும், நான் அதைப் பார்க்கவில்லை. நான் வேறு எதையாவது நினைக்கப்போகிறேன். எதை வேண்டுமானாலும் நினைக்கலாம், அந்தத் தொட்டியை மட்டும் நினைக்கக் கூடாது. என்ன தொட்டி? ஒன்றுமில்லை. நினைக்கக் கூடாது. இதோ மெஷின் ஆரம்பித்துவிட்டது, முதலில் ஒரு நீள ஊதல், பிறகு ஒரு சின்ன விக்கல், பிறகு தகரத்தட்டில் மணலைக் கொட்டின மாதிரி ஓர் இரைச்சல், காது மூடியையும் தாண்டிப் பல்லுக்குள் இறங்குகிறது. அட, இது எனக்குத் தெரிந்த சத்தம் ஆயிற்றே. இந்தச் சத்தத்துக்கு நடுவில் ஆடாமல் அசையாமல் இருந்து பழக்கப்பட்டவள்தான் நான். பெரம்பூர் வீட்டில், எனக்குப் பதின்மூன்று வயதில், அக்கா தமயந்தி டேப் ரெக்கார்டரில் கேசட்டைப் போட்டுவிட்டு வீட்டையே மிரட்டுவாள். "யாரும் நடக்காதீங்க. ஃபேன் சுவிட்சத் தொடாதீங்க. அம்மா, மிக்ஸி போட்ட, எல்லாம் போச்சு." கேசட்டில் இருக்கிற சத்தம் கம்பி வழியாகக் கம்ப்யூட்டருக்குள் போய் விளையாட்டாக மாற வேண்டும், நடுவில் ஒரு சுவிட்ச் தட்டினாலும் பிழை என்று திரை சொல்லிவிடும், மறுபடி முதலிலிருந்து சுற்ற வேண்டும். பாட்டு மாதிரி அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்போம். எங்கே ஊதல் முடியும், எங்கே மணல் கொட்டும் என்று மனப்பாடம். பெனிட்டாவுக்கு என்ன தெரியும், அசையாமல் இருப்பதில் நான் பழைய ஆள்.

அப்பா கப்பலில் சமையல்காரராக இருந்தார். சிங்கப்பூரில் இறங்கினால் எல்லாரும் சேலையும் சென்ட் பாட்டிலும் வாங்கிவருவார்கள், எங்கள் அப்பா ஒரு தடவை கம்ப்யூட்டர் வாங்கிவந்தார். உள்ளங்கையை விரித்து இரண்டு கை வைத்தால் மறைந்துவிடும் அளவு, கறுப்பு, அழிரப்பர் மாதிரி மெத்தென்று பொத்தான்கள். "வருங்காலத்துல இதான்னு கடக்காரன் சொன்னான்" என்று அம்மாவிடம் கொடுத்தார், அம்மா அதை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாமல் வாங்கி எங்களிடம் கொடுத்தாள். அதற்கென்று திரை கிடையாது, வீட்டு டிவியில் மாட்ட வேண்டும், எங்கள் டிவியோ கறுப்பு வெள்ளை. அதற்கு இருந்த மொத்த நினைவகம் பதினாறு கே. என் கம்ப்யூட்டர் வகுப்பில் இதைச் சொன்னால் பையன்கள் சிரிக்கிறார்கள், அவர்கள் அனுப்புகிற ஒரு காலை வணக்கப் படமே அதைவிட எத்தனையோ மடங்கு பெரிது. என் மகன் விமல் பெங்களூரில் விளையாட்டு செய்கிற கம்பெனியில் இருக்கிறான், அங்கே இருநூறு பேர் சேர்ந்து ஒரே விளையாட்டைச் செய்கிறார்கள், அதில் ஒருத்தருக்கு வேலை செருப்பு மட்டும்தானாம். வீரர்கள் போடுகிற செருப்பு, அதன் வார், அதில் ஒட்டும் சேறு. "உங்க கேம் மொத்தமும் எங்க ஒரு செருப்போட நிழலுக்குக்கூடக் காணாதும்மா" என்றான். கேலிதான், எனக்குக் கோபம் வரவில்லை, அந்தச் செருப்புக்காரப் பெண்ணை நினைத்துப் பாவமாகத்தான் இருந்தது. எங்களுக்கு இரண்டு பேரில் எல்லாமே நாங்கள்தான். படம் நான், கணக்கு அக்கா, சத்தம் அக்கா, சண்டை இரண்டு பேரும். எட்டுக்கு எட்டுக் கட்டம், அதில் எந்தப் புள்ளி வெள்ளை எந்தப் புள்ளி கறுப்பு, ஒரு பொருள் என்றால் அவ்வளவுதான் இடம். கோலம் போடுகிற பெண்களுக்கு இதெல்லாம் சுலபம் என்று யாரோ ஒரு விழாவில் பேசினார்கள், எனக்குக் கோலம் வரவே வராது, என் பூசணிப்பூவைப் பார்த்துப் பால்காரர் சிரிப்பார். நான் கிராஃப் பேப்பரில் பென்சிலால் அடைத்து அடைத்துப் பார்த்தேன். தண்ணீர் லாரி வருகிறது, தெருவில் பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள், அதுதான் விளையாட்டு, அந்த வருஷம் மெட்ராஸில் வேறு எதைப் பற்றி யார் பேசினார்கள். ஆனால் எட்டுப் புள்ளிக்குள் பெண் வரவில்லை. தலை வந்தால் சேலை இல்லை, சேலை வந்தால் கை இல்லை, குடத்தை இடுப்பில் வைத்தால் மொத்தமும் சாக்குமூட்டை ஆகிறது. அழுகையாக வந்தது. அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள், "ஆளு எதுக்குடி? ஆளு எங்க நிக்கறாங்க? எல்லாரும் குடத்த வரிசையில வச்சுட்டு வீட்டுக்குப் போயிடறாங்க. குடம் நின்னா ஆளு நின்ன மாதிரி. குடத்தையே வரை."

அதைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது, இப்போதும் இந்தக் குழாய்க்குள் முழங்கை மயிர் நிற்கிறது, அசையக் கூடாது, மயிர் நிற்பது அசைவில் சேருமா தெரியவில்லை. எங்கள் தெருவில் அதுதான் வழக்கம். லாரி எப்போது வரும் என்று எவனுக்கும் தெரியாது, அதனால் விடியற்காலையிலேயே குடம் வரிசையில் போய் நிற்கும், குடம் இல்லாதவர்கள் ஒரு செங்கல், ஒரு பிய்ந்த செருப்பு வைப்பார்கள், அந்தச் செங்கல்லுக்கும் மரியாதை உண்டு, அதைத் தாண்டி யாரும் வர முடியாது, வந்தால் தெருவே திரண்டுவிடும். ஆகவே எங்கள் விளையாட்டில் மனிதர்களே கிடையாது. குடம் வரிசையில் நகரும், குடம் எட்டிப் பார்க்கும், குடம் குடத்தை இடிக்கும். வாய் கொஞ்சம் கோணினால் பச்சையம்மா, ஒரு புள்ளி குட்டையாக வைத்தால் மாடி வீட்டு ரோசலின் ஆன்ட்டி, எங்கள் அம்மாவின் குடத்துக்குக் கழுத்து நீளம். எட்டுப் புள்ளியில் ஒன்றைத் தள்ளி வைத்தால் குணமே மாறிவிட்டது. இடம் பற்றாமல் அக்கா இன்னொன்றும் கண்டுபிடித்தாள், ஒன்று என்கிற எண்ணை நேராக எழுதினால் அந்தக் கம்ப்யூட்டர் நிறைய இடம் பிடித்துக்கொள்ளும், அதையே கணக்கில் சுற்றிவளைத்துச் சொன்னால் குறைவாகப் பிடிக்கும், ஆக எங்கள் நிரலில் நேரான எண்ணே இல்லை. எல்லாம் மூக்கைச் சுற்றித் தொட்டதுதான். எனக்கு ஏக்கமாக இருக்கிறது, சொன்னால் என்ன. குடிக்கத் தண்ணீர் இல்லாத அந்த வருஷம் எனக்கு வேண்டவே வேண்டாம், அந்த டிவி வேண்டாம், அந்த வயசுகூட வேண்டாம். ஒன்று இல்லை என்றதும் சரி, இருப்பதில் எது ஆளாகும் என்று பார்த்தோமே, அந்தப் பார்வை வேண்டும். அதைப் பையன்களுக்குச் சொல்லித்தர எனக்குத் தெரியவில்லை. வகுப்பில் ஒரு விளையாட்டு செய்யச் சொன்னால் எல்லாவற்றையும் தயாராக எடுத்துக்கொள்கிறார்கள், ஓடும் மனிதன், பறக்கும் மனிதன், சுடும் மனிதன், எது கேட்டாலும் ஒரு தொடுதலில் கிடைக்கிறது.

சத்தம் நின்றுவிட்டது. சத்தம் நிற்கும்போதுதான் மோசம். சத்தத்தில் சுவர் இருப்பது தெரியவில்லை, நின்றதும் சுவர் திரும்ப வருகிறது, மூக்குக்கு மேலே கூண்டு, கூண்டுக்கு மேலே அது. "நல்லா இருக்கீங்களாம்மா? ரெண்டு முடிஞ்சுது, இன்னும் மூணு. நல்லா வருது." பதில் சொன்னால் கழுத்து அசையுமோ என்று பயந்து உம் என்று மட்டும் சொன்னேன். இடது கை பந்தை லேசாக, மிக லேசாக, பழம் கனிந்திருக்கிறதா என்று பார்ப்பது மாதிரி அழுத்திப் பார்க்கிறது, நான் சொல்லவில்லை, அதுவாகவே செய்கிறது. விடு. கட்டை விரலை எடு. எடுத்துவிட்டேன். எச்சில் முழுங்கிவிட்டேன், சத்தம் இல்லாத நேரம்தான், பரவாயில்லை. பச்சையம்மாவை நினை. எங்கள் வீட்டுக்கு எதிர்ச் சாரியில் இட்லிக் கடை போட்டிருந்தவள், வரிசையில் நிற்காமல் நடுவில் புகுவதில் தெருவிலேயே கெட்டிக்காரி. விளையாட்டு தயாரானதும் அவள்தான் முதலில் வந்து டிவிக்கு முன்னால் உட்கார்ந்தாள். "ஏ சாரு, எது என் கொடம்?" காட்டினேன். "வாய் கோணிக்கிதே, அதா?" அதுதான். கொஞ்ச நேரம் பார்த்தாள், கோபப்படப் போகிறாள் என்று அம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு தயாரானாள். பச்சையம்மா சொன்னாள், "அத்த ஏன்மே கடேசில வுட்டுக்கிற? உள்ள பூரச் சொல்லு." அன்றிலிருந்து தெருவுக்கே பைத்தியம் பிடித்தது. வெளியே குடத்தை வரிசையில் வைத்துவிட்டு உள்ளே வந்து குடத்தை வரிசையில் நகர்த்துவார்கள். அதற்கும் ஒரு வரிசை, ரோசலின் ஆன்ட்டிக்கு அடுத்து பச்சையம்மா, பச்சையம்மாவுக்கு அடுத்து பச்சையம்மா. தன் குடம் முன்னே போனால் கை தட்டுவார்கள், மற்றவள் குடம் முந்தினால் திட்டுவார்கள், திரையைப் பார்த்துத் திட்டிவிட்டுப் பக்கத்தில் இருக்கிறவளையும் ஒரு பார்வை பார்ப்பார்கள். லாரி வருகிற சத்தத்துக்காக அக்கா நாள்கணக்கில் மெனக்கெட்டாள், இரண்டு சுரத்தை மாற்றி மாற்றி ஊத வைத்து, அதை டேப் ரெக்கார்டர் வழியாகப் பெரிதாக்கி, கடைசியில் அப்படியே மெட்ரோ வாட்டர் லாரி. அவ்வளவு நன்றாகச் செய்திருக்கக் கூடாது. ஒருநாள் ஹார்ன் அடித்தது, பெண்கள் எல்லாரும் திரையை நோக்கி நகர்ந்தார்கள், "வந்துட்டான், வந்துட்டான், நவுத்துமே" என்று பச்சையம்மா என் தோளைப் பிடித்து உலுக்கினாள், நான் பொத்தானை அமுக்கினேன், திரையில் லாரியைக் காணோம். மறுபடி ஹார்ன். திரையில் இன்னும் காணோம். லாரி வெளியே நின்றிருந்தது. ஆளில்லாத குடங்களைப் பார்த்துவிட்டு டிரைவர் அடுத்த தெருவுக்குப் போய்விட்டான்.

அதோடு நிறுத்து. அதற்கு மேல் போகாதே. அதற்கு மேல் போனால் தொட்டி. ஆனால் இதோ அடுத்த சத்தம் ஆரம்பிக்கிறது, இது வேறு, டக் டக் டக் டக், யாரோ இரும்பில் தட்டுகிறார்கள், தலைக்கு நேர் மேலே தட்டுகிறார்கள், இனி எப்படிப் போகாமல் இருப்பது. சரி, போகிறேன். போய்த்தான் பார்ப்போம். அன்றைக்குத் தெருவில் ஒரு வீட்டிலும் ஒரு சொட்டு இல்லை. அம்மா கம்ப்யூட்டரைப் பிடுங்கி பீரோ மேல் வைத்தாள், "ரெண்டும் சேந்து தெருவையே கெடுத்துட்டீங்கடி" என்றாள், அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளறையில் படுத்துவிட்டாள். முற்றத்தில் சம்ப் இருந்தது, தரைக்கடியில் தண்ணீர்த் தொட்டி, எல்லாக் குடித்தனத்துக்கும் பொது, அடியில் கொஞ்சம் நின்றிருக்கும், வாளி விட்டால் தரையில் முட்டும், மொள்ள முடியாது. அந்த மாதிரி நாளில் வீட்டிலேயே சின்ன உடம்புக்காரியை உள்ளே இறக்குவார்கள், எல்லா வீட்டிலும் அப்படித்தான், நான்தான் சின்ன உடம்பு. அம்மா இரண்டு கையையும் பிடித்து இறக்கினாள். கணுக்கால் அளவு தண்ணீர், பாசி வழுக்கல், டம்ளரால் மொண்டு மொண்டு வாளியில் ஊற்றினேன், மேலே இழுத்தார்கள். மேலே ஒரு சதுரம் வானம், அதில் அம்மா தலை, பச்சையம்மா தலை. அப்போது யாரோ கத்தினார்கள், லாரி திரும்பி வருகிறது என்று. தலைகள் போய்விட்டன. போகிற அவசரத்தில் அம்மாவின் கை அதன் பழக்கத்துக்கு மூடியை இழுத்துவிட்டது, முற்றத்தில் தவழும் குழந்தைகள் இருந்தன, சம்பைத் திறந்தபடி விட்டுப் போகாத கை அது. சதுரம் கோடாயிற்று, கோடும் போயிற்று. நான் கத்தினேன், என் குரல் நாலு பக்கமும் மோதி என்மேலேயே விழுந்தது. சுவரைத் தொட்டேன், எந்தச் சுவர் என்று தெரியவில்லை. மூச்சு திரும்பி முகத்துக்கே வந்தது. இதே மூச்சு. இதே. பந்து எங்கே, இருக்கிறது, கையில்தான் இருக்கிறது. அமுக்க மாட்டேன்.

டக் டக் டக். அக்காதான். படுத்திருந்தவள் எழுந்து வந்திருக்கிறாள், மூடி இரும்பு, அவள் ஒருத்தியால் தூக்க முடியவில்லை, ஓடிப்போய் அம்மாவைக் கூட்டிவர வேண்டியதுதானே, போனால் நான் தனியாக இருப்பேன் என்று போகவில்லை. முற்றத்தில் கிடந்த இன்னொரு டம்ளரை எடுத்து மூடியில் தட்டினாள். "சாரு, நான் இங்கதான் இருக்கேன். மூடி கனமா இருக்குடி. அவங்க வர வரைக்கும் தட்டிட்டே இருக்கேன். தட்டற பக்கமா வா." நான் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தேன், தப்பான பக்கம் போனால் சத்தம் மங்கும், திரும்பினால் கிட்டே வரும், கடைசியில் என் உச்சந்தலைக்கு மேலே டக் டக் என்று கேட்டது, அங்கேயே நின்றேன். அவள் நிறுத்தவே இல்லை. அம்மா வந்து மூடியை இழுத்தபோதும் கை பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருந்ததாம். அதற்குப் பிறகு நான் சம்பில் இறங்கியதில்லை, லிஃப்ட்டில் ஏறினால் எண்ணைப் பார்த்தபடியே இருப்பேன், கதவு மூடிய குளியலறையில் தாழ்ப்பாள் போடமாட்டேன். தனபாலுக்கு இது தெரியும், ஏன் என்று தெரியாது. டக் டக் டக். தட்டு அக்கா. நான் இங்கேதான் நிற்கிறேன்.

அம்மாவின் கோபம் ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் மாட்டக் கூடாது என்றாள், அதனால் கம்ப்யூட்டர் மாடிக்கு, ரோசலின் ஆன்ட்டி வீட்டுக்குப் போயிற்று. விளையாட்டுக்கு முடிவு வேண்டும் என்று அக்காவுக்கு ஆசை, லாரியைத் தவற விட்டால் என்ன ஆகும் என்று ஒரு கட்டம் வேண்டும். உட்கார்ந்து எழுதினோம், பாதியில் திரை சொல்லிவிட்டது, நினைவகம் தீர்ந்தது. எதை எதையோ வெட்டினோம், செருப்பை வெட்டினோம், செங்கல்லை வெட்டினோம், பச்சையம்மாவை வெட்ட எனக்கு மனசு வரவில்லை. "தீந்துபோச்சுடி. இனிமே ஒரு புள்ளிகூட வைக்க முடியாது" என்றாள் அக்கா. எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, சொன்னேன், "வைக்க வேணாம். குடம் சம்புல விழுந்துடுச்சுன்னு வை. எல்லாம் கறுப்பு. கறுப்புக்கு இடம் வேணாமில்ல?" அக்கா என்னைப் பார்த்தாள். "ஒண்ணுமே தெரியலன்னா எப்படி வெளிய வருவாங்க?" "நீ தட்டு" என்றேன். அவள் பொத்தான்களைத் தட்ட ஆரம்பித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள், நான் பார்க்காத மாதிரி இருந்தேன். அதுதான் எங்கள் விளையாட்டின் கடைசி அறை. திரையில் எதுவும் கிடையாது. குடத்தைக்கூடக் காட்டவில்லை. நகர்த்தினால் ஒரு சத்தம், சம்பின் வாய்க்குக் கிட்டே போனால் வேகமாகத் தட்டும், விலகினால் மெதுவாக. டிவி கெட்டுவிட்டது என்று முதலில் எல்லாரும் நினைத்தார்கள், பிறகு காதைக் கொடுத்தார்கள். ரோசலின் ஆன்ட்டி கண்ணை மூடிக்கொண்டு விளையாடினாள், "பாத்து என்னா ஆவப்போவுது மேன்" என்றாள். எந்தச் சத்தமும் போடாமல், வளையல்கூட ஆடாமல், ஐந்தாறு பெண்கள் கறுப்புத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். நான் அவ்வளவு சந்தோஷமாக அதற்கு முன்னால் இருந்ததில்லை. என் பயத்துக்குள் எல்லாரையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன், அவர்களும் வழி தேடுகிறார்கள்.

சத்தம் இரண்டு தரம் நின்று மறுபடி ஆரம்பித்துவிட்டது, இதுதான் கடைசிப் படம். இப்போது நான் விளையாடுகிறேன். பொத்தான் எனக்கு நினைவிருக்கிறது, விரல் மரத்திருந்தால் என்ன, அசைக்கவா போகிறேன். இடது பக்கம், மங்குகிறது, இல்லை. மேலே, டக் டக், சரி, இன்னும் மேலே, இங்கே ஒரு சுவர், சுவரைத் தொட்டுக்கொண்டே போ. மெஷின் எனக்காகத் தட்டவில்லை, அதன் பாட்டுக்கு ஒரே வேகத்தில் தட்டுகிறது, இருந்தாலும் நான் கிட்டே போகிறேன். வாய்க்கு நேர் கீழே வந்துவிட்டேன். வெளியே வந்தால் என்ன? வெளியே வந்தால் குடம் நிறையும், திரை முழுக்கத் தண்ணீர். அந்தத் தண்ணீர். ஐயோ, அந்தத் தண்ணீர். எங்கள் கறுப்பு வெள்ளை டிவியில் நீலம் போட்டால் சாக்கடை மாதிரி தெரிந்தது, அதனால் பொத்தானில் மெஜந்தா என்று எழுதியிருந்த நிறத்தைப் போட்டோம், அப்படி என்றால் என்ன என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது, நீலத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதே, அதுவும் ஒரு நீலமாக இருக்கும். சாம்பலாக, அழகாக, ஏரித் தண்ணீர் மாதிரி தெரிந்தது. ரோசலின் ஆன்ட்டி வீட்டில் கலர் டிவி. கறுப்பு அறையிலிருந்து முதல் ஆளாகப் பச்சையம்மா வெளியே வந்தாள், திரை முழுக்க அடித்துக்கொண்டு கொட்டியது, கல்யாண வீட்டு ரோஸ் மில்க். பச்சையம்மா டிவியையும் பார்த்தாள், எங்களையும் பார்த்தாள், மூஞ்சியைச் சீரியஸாக வைத்துக்கொண்டு சொன்னாள், "வர்றதே வர்ல. வந்தா இன்னா கலரா இருந்தா இன்னா, புடி." சிரிக்கக் கூடாது. வயிறு குலுங்குகிறது, வயிறு குலுங்கினால் கழுத்துக்குப் போகும், பல்லைக் கடி, பல்லைக் கடித்தால் இன்னும் மோசம், மூக்கு வழியாக வந்துவிட்டது.

சத்தம் நின்றது. மேஜை பின்னால் நகர்ந்தது. வெளிச்சம் இமைக்கு மேலே சிவப்பாக வந்தது, கண்ணைத் திறந்தேன், பெனிட்டா குனிந்து கூண்டைக் கழற்றுகிறாள். "சிரிச்சீங்களாம்மா?" என்றாள். ஆமாம் என்றேன். "எனக்குப் பயமாயிடுச்சு, வலிப்பு ஏதோன்னு. கடைசி படம் கலங்கிப்போச்சும்மா. மத்ததெல்லாம் நல்லா வந்திருக்கு. நரம்பு எந்த எடத்துல மாட்டியிருக்குன்னு அந்தக் கடைசி படத்துலதான் நல்லா தெரியும். ஆனா போன வாட்டி நீங்க பட்ட பாடு எனக்குத் தெரியும். முடியலன்னா சொல்லுங்க, இருக்கறத வச்சுப் பாக்கச் சொல்லி எழுதிடறேன்." நல்ல பெண். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தனபால் எழுந்து நிற்கிறார், ஒரு கை சட்டைப் பை மேல், முடிந்துவிட்டதா என்று புருவத்தால் கேட்கிறார். கால் ஏற்கெனவே மேஜையிலிருந்து பாதி இறங்கிவிட்டது, அந்தக் காலை யாரும் கேட்கவில்லை. கவுன் முதுகில் ஒட்டியிருக்கிறது. இறங்கி நடந்தால் நாலு எட்டில் கதவு, கதவுக்கு அப்பால் காபி. ஒருவேளை இருக்கிற படமே போதுமாக இருக்கலாம். ஒருவேளை போதாமல் இருக்கலாம். கத்தி ஒருவேளைக்கு வைக்கப்போவதில்லை, என் கழுத்துக்கு வைக்கப்போகிறார்கள். பயம் போய்விட்டதா என்று பார்த்தேன், போகவில்லை, அப்படியே இருக்கிறது. காலைத் தூக்கி மேஜை மேல் வைத்துக்கொண்டேன்.

"மறுபடி போடும்மா."

"கொஞ்சம் தண்ணி குடிச்சுட்டு, மெதுவா..."

"இப்பவே போடு. இந்த வாட்டி சிரிக்க மாட்டேன்."

கூண்டு மாட்டினாள், பந்தைக் கையில் வைத்தாள், மேஜை நகர்கிறது. கண்ணை மூடவில்லை. மூச்சு போய்த் திரும்பி வருகிறது, வரட்டும். மூக்குக்கு மேலே ஒரு சாண்கூட இல்லை, வளைந்த வெள்ளைப் பிளாஸ்டிக், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை சுத்தமாக, ஒரு புள்ளிகூட வைக்காமல் விட்டிருக்கிறார்கள். எவ்வளவு இடம். எந்த மூலையிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறேன்.